கடலில்லா ஊரில் நெய்தல் பாடம்

தருமபுரி மாவட்டத்தில் குறிஞ்சி நடத்துவது சுலபம். சித்தேரியிலிருந்தும் வத்தல்மலையிலிருந்தும் வருகிற பிள்ளைகள் தினைப்புனத்தையும் பரணையும் எனக்கே சொல்லித் தருவார்கள். பாலை நடத்த வேண்டுமென்றால் ஏப்ரல் மாதம் வகுப்புக்கு வெளியே ஐந்து நிமிடம் நின்றால் போதும். நெய்தலுக்குத்தான் ஒவ்வொரு ஆண்டும் திண்டாட்டம். "கடலைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள்" என்பேன். ஐம்பது பேர் வகுப்பில் பத்துப் பன்னிரண்டு கைகள் எழும். அதில் பாதி, அம்மாவோடு சிவப்புப் புடவைக் கூட்டத்தில் மேல்மருவத்தூர் போய், திரும்புகிற வழியில் மகாபலிபுரத்தில் அரைமணி நேரம் நின்று பார்த்தவை. நானும் கடலை முதலில் பார்த்தது எம்.ஏ. சேர்வதற்காகச் சென்னை போனபோதுதான்.

2023இல் அப்படி ஒரு வகுப்பு. தொல்காப்பியம் அகத்திணையியலில், கடல் கடந்து போகும் பிரிவில் பெண்ணை உடன் அழைத்துப் போகும் வழக்கம் இல்லை என்று ஒரு நூற்பா வரும். அதைச் சொல்லி முடித்ததும் விலங்கியல் முதலாமாண்டுப் பெண் ஒருத்தி எழுந்தாள். (பகுதி ஒன்று தமிழ் எல்லாத் துறைக்கும் பொது என்பதால் எனக்கு வாய்த்த நல்ல கேள்விகள் பலவும் அறிவியல் மாணவிகள் கேட்டவை.)

"அப்ப நெய்தல்ல பொண்ணுங்களுக்கு என்னதான் வேலை மேடம்?"

"கரையில நின்னு இரங்கறது" என்றேன். உரிப்பொருள் அதுதானே. வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "நமக்கு அந்தக் கரையும் இல்லயே" என்று உட்கார்ந்தாள்.

அடுத்த ஆண்டே கடல் வீட்டுக்குள் வந்தது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. தொலைக்காட்சிகளில் சென்னையும் புதுச்சேரியும் மட்டுமே ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் பக்கத்தில் யாரும் பொருட்படுத்தவில்லை. புயல் என்பது கடற்கரைக்காரர்கள் சமாச்சாரம். நமக்கு இரண்டு நாள் தூறல், வேர்க்கடலைக் கொடியை உள்ளே எடுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அது கரை ஏறியதும் ஓடிப்போகவில்லை. கடலோரத்திலேயே நகராமல் நின்று, வலுவிழந்து, பிறகு மெதுவாக மேற்கே ஊர்ந்து வந்தது. டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர், அரூரில் 33 சென்டிமீட்டர் மழை. ஊத்தங்கரை இப்போது கிருஷ்ணகிரி மாவட்டம். 2004 வரை எங்களோடுதான் இருந்தது. ஆண்டு முழுக்கச் சேர்த்தே எண்பது தொண்ணூறு சென்டிமீட்டர் பார்க்கிற பூமி இது. ஊத்தங்கரையில் ஏரி நிரம்பி வழிந்து, நிறுத்தி வைத்திருந்த வேன்களையும் கார்களையும் சாலையோடு உருட்டிக்கொண்டு போன காட்சியைப் பலரும் செல்போனில் பார்த்திருப்பீர்கள். தென்பெண்ணையில் வந்த வெள்ளத்துக்குச் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள்.

என் பெரியம்மா வீடு அரூருக்குப் பக்கத்தில் ஒரு குக்கிராமம். கடலிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். அவள் வாழ்நாளில் கடலைப் பார்த்ததே இல்லை. அன்று இரவு முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு, முதலில் பேத்தியின் மதிப்பெண் சான்றிதழ்களையும் நூறு நாள் வேலை அட்டையையும் பரண்மேல் ஏற்றியிருக்கிறாள். பிறகு ஆட்டுக்குட்டிகள். மூட்டையில் இருந்த கேவுரை ஏற்ற முடியவில்லை. மூன்றாம் நாள் நான் போனபோது கேவுரு முளைவிட்டு நாற்றமெடுத்திருந்தது. ஆண்கள் தார்ச்சாலையில் நின்று, கணக்கெடுக்க வரும் அதிகாரிக்காகக் காத்திருந்தார்கள். பெண்கள் உள்ளே சேற்றை அள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்த மூன்று நாளும் பள்ளிக்கூடத்தில் தங்கவைக்கப்பட்டிருந்த பெண்கள் இருட்டும்வரை சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். மாதவிலக்காக இருந்த ஒரு பெண் ஈரப் பாவாடையோடு இரவு முழுக்க ஒரே மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். எந்தச் சேதக் கணக்கிலும் இதற்கு ஒரு கட்டம் கிடையாது.

"இயற்கையின் சீற்றம்" என்று மறுநாள் எழுதினார்கள். அந்தச் சொற்றொடர் எனக்குப் பிடிக்காது. சீற்றம் என்று சொல்லிவிட்டால் யாரும் யாரிடமும் காரணம் கேட்க வேண்டியதில்லை.

எனக்குக் காரணம் தெரிய வேண்டியிருந்தது. மழைக்காரணத்தைச் சங்கக் கவிகள் சொல்லியே இருக்கிறார்கள். மேகம் கடலைக் குடித்து, மலைமேல் ஏறி, மழையாகப் பொழிகிறது; முல்லைப்பாட்டு தொடங்குவதே அப்படித்தான். அதை வருணனையாகவே இருபது வருடம் நடத்திவிட்ட எனக்கு, அது எவ்வளவு குடிக்கிறது, ஏன் இப்போது அதிகம் குடிக்கிறது என்று சொல்ல விலங்கியல் மாணவியின் பாடப்புத்தகமும் நூலகத்தில் இருந்த சில அறிவியல் இதழ்களும் தேவைப்பட்டன.

கரியையும் எண்ணெயையும் எரித்து நாம் பூமியைச் சூடாக்கியதில் கூடுதலாகத் தங்கிய வெப்பத்தின் 90 சதவீதத்துக்கும் மேல் கடலுக்குள் போயிருக்கிறது. காற்றில் நாம் உணர்கிற சூடு மிச்சம் மீதிதான். நாம் வெளியிடும் கரியமிலவாயுவிலும் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கை அதுவே வாங்கிக்கொள்கிறது. இது எப்படித் தெரியும்? ஆர்கோ என்று பெயரிட்ட ஆளுயர உருளைகள் உலகக் கடல்களில் நாலாயிரம் அளவில் மிதக்கின்றன. பத்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொன்றும் 2,000 மீட்டர் ஆழம் வரை இறங்கி, ஏறி வருகிற வழியெல்லாம் வெப்பத்தையும் உப்பையும் அளந்து, மேலே வந்து செயற்கைக்கோளுக்குச் சொல்லிவிட்டு மறுபடி மூழ்குகிறது. இந்தியப் பெருங்கடலில் இந்த வேலையை ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் பார்க்கிறது. சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் வங்கக்கடலில் நங்கூரமிட்ட மிதவைகளை வைத்திருக்கிறது. ஊருக்குள் தண்டோரா போட ஆள் வைப்பது மாதிரி, கடலுக்குள் ஆள் வைத்திருக்கிறார்கள்.

புயல் உருவாகக் கடலின் மேற்பரப்பு 26.5 டிகிரியாவது சூடாக இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. வங்கக்கடல் ஆண்டின் பெரும்பகுதி 28 டிகிரிக்கு மேல் இருக்கிறது. புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ராக்ஸி மேத்யூ கோல் குழுவினரின் கணக்குப்படி, 1950 முதல் 2020 வரை இந்தியப் பெருங்கடல் நூற்றாண்டுக்கு 1.2 டிகிரி என்ற வேகத்தில் சூடாகியிருக்கிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய ஏழு சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்க முடியும். சுமந்ததை எங்காவது இறக்க வேண்டுமே. ஒரே ஒரு புயலைக் காட்டி "இது காலநிலை மாற்றத்தால்தான்" என்று சொல்ல விஞ்ஞானிகள் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரே நாளில் கொட்டித் தீர்க்கிற மழை இப்படிச் சூடான கடலும் காற்றும் சேர்ந்தால் கூடத்தான் செய்யும் என்பதில் அவர்களுக்குத் தயக்கமில்லை.

இங்கே ஒரு சின்ன விலகல். இந்த 90 சதவீதக் கணக்கைப் படித்த இரவில் கவிதை ஒன்று எழுத உட்கார்ந்தேன். எல்லாச் சூட்டையும் வாய் திறக்காமல் விழுங்கும் கடல், எல்லாவற்றையும் பொறுக்கும் தாய் என்று வரிகள் தாமாகவே வந்தன. நாலு வரியில் நிறுத்திக் கிழித்துப்போட்டேன். பொறுத்துக்கொள்வதைப் புகழ்ந்தே பெண்களை என்ன செய்தோம் என்று நமக்குத் தெரியும். கடலையும் அந்த நாற்காலியில் உட்கார வைக்க வேண்டாம். அது பொறுக்கவில்லை, இயற்பியல் விதிப்படி வாங்குகிறது, அதே விதிப்படி திருப்பித் தருகிறது.

வெள்ளம் எங்களுக்குப் புதிது. வறட்சி பழையது. அதற்கும் கடலிடம்தான் போக வேண்டியிருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய செய்தி.

2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பரில்தான் சென்னை மூழ்கியது. 2015 வலுவான எல் நினோ ஆண்டு. கிழக்குப் பசிபிக் சூடாகிற அந்த ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை இளைப்பதும் நமது ஐப்பசி, கார்த்திகை மழை கூடுவதும் பெரும்பாலும் நடக்கும். இதற்கு ஒரு தம்பி நம் கடலிலேயே இருப்பதை 1999இல்தான் பெயர் வைத்துச் சொன்னார்கள்: இந்தியப் பெருங்கடல் இருமுனை. ஆப்பிரிக்காப் பக்கம் சூடாகி சுமத்ராப் பக்கம் குளிர்ந்தால் ஒரு மாதிரி, தலைகீழானால் இன்னொரு மாதிரி. 2016இல் அது தலைகீழாக, வலுவாக இருந்தது. மேகமெல்லாம் கிழக்கே இந்தோனேசியாப் பக்கம் திரண்டது. பெண்ணாகரத்திலும் பாலக்கோட்டிலும் கிணறு வற்றியதற்கு சுமத்ராவுக்கு அருகே கடல் சூடானதும் ஒரு காரணம்.

கிணறு வற்றினால் ஆழ்துளைக் கிணறு. அதுவும் வற்றினால் இன்னும் ஆழம். எங்கள் பாறைத் தண்ணீரில் ஃப்ளோரைடு இருக்கிறது. மழை சேர்கிற ஆண்டில் அது நீர்த்துக் கிடக்கும். மழை பொய்த்துப் பாறையிடுக்குத் தண்ணீரையே நம்பும் ஆண்டில் அதன் அளவு ஏறும். என் முன்பற்களில் காவிப் பட்டைகள் உண்டு. கல்லூரிக் காலம் முழுக்கக் கையால் வாயை மூடிக்கொண்டே சிரித்திருக்கிறேன். மேடையில் கவிதை வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் கையை எடுத்தேன். பெண் பார்க்க வருகிறவர்கள் பல்லைப் பார்த்தே "தருமபுரிப் பொண்ணா?" என்று கேட்டுவிட்டுப் போன வீடுகள் உண்டு. பையனின் பல்லை யாரும் பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பெரியம்மாவுக்கு இப்போது முழங்கால் மடங்குவதில்லை. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகு பிறந்த பிள்ளைகளின் பற்கள் வெள்ளையாக இருப்பதை வகுப்பில் இன்னும் பத்து ஆண்டில் பார்ப்பேன் என்று நம்புகிறேன். அந்தக் குழாயில் வருவது காவிரி. காவிரிக்குக் குடகில் பெய்வது தென்மேற்குப் பருவமழை. சுற்றி வளைத்தால் அதுவும் அரபிக்கடல்.

2017 பொங்கலுக்குப் பிறகு என் வகுப்பில் மூன்று இருக்கைகள் காலியாயின. வீட்டு ஆண்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். மாட்டை விற்றுவிட்டார்கள். ஒரு தாய் என்னிடம் நேராகவே சொன்னாள்: "தண்ணி இல்லாத வருசத்துல வயசுப் பொண்ண வெச்சுக்கிட்டு என்னா மேடம் பண்றது? கட்டிக் குடுத்துட்டா ஒரு வாய் கொறயும்." மூவரில் ஒருத்திதான் பிறகு தேர்வெழுத வந்தாள், கையில் குழந்தையோடு.

1876இன் தாது வருடப் பஞ்சத்தில் அன்றைய சேலம் மாவட்டம் படாத பாடு பட்டது. தருமபுரி 1965 வரை சேலத்தோடுதான் இருந்தது. அந்தப் பஞ்சத்தை நம்மவர்கள் கும்மியாகப் பாடி வைத்திருக்கிறார்கள். பஞ்சம் நீடித்த 1877இல் பசிபிக்கில் அந்த நூற்றாண்டின் மிக வலுவான எல் நினோக்களில் ஒன்று நடந்துகொண்டிருந்தது என்பதைப் பிற்காலத்துக் கடலியல்தான் கண்டுபிடித்தது. கும்மியடித்த பெண்களுக்கு அது தெரிய வழியில்லை. தானியம் ஏற்றுமதியானது அவர்கள் கண்முன்னே நடந்தது. அதற்கு எந்தக் கடலும் பொறுப்பல்ல.

சரி, இந்த அறிவை யார் சேர்த்தார்கள்? கப்பலில் பெண்ணை ஏற்றாத வழக்கம் தொல்காப்பியரோடு முடியவில்லை. அட்லாண்டிக் கடல் தரையின் மேடு பள்ளங்களை 1950களில் வரைந்த மேரி தார்ப்புக்கு ஆராய்ச்சிக் கப்பலில் ஏற அனுமதி இல்லை. ஆண்கள் கடலுக்குப் போய் எண்களைக் கொண்டுவந்தார்கள். அவர் கரையில் மேசையில் உட்கார்ந்து வரைந்தார். நடுக்கடல் மலைத்தொடரின் நெடுக ஒரு பிளவு ஓடுவதை அவர் சொன்னபோது, உடன் வேலை செய்தவரே அதைப் பெண்பிள்ளைப் பேச்சு என்று தள்ளினார். பிளவு அங்கேதான் இருந்தது. அதற்கும் நூறு வருடம் முன்பு, 1856இல், கரியமிலவாயு நிரப்பிய கண்ணாடிக் குழாய் வெயிலில் அதிகம் சூடாவதைக் கண்டுசொன்ன யூனிஸ் ஃபுட் என்ற அமெரிக்கப் பெண்ணின் கட்டுரையை அறிஞர் சபையில் ஓர் ஆண் படித்தார்.

நம் பக்கத்தில் அன்னா மணி. 1918இல் திருவிதாங்கூரின் பீர்மேட்டில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டு வழக்கப்படி வைரத்தோடு கொடுத்தபோது, அது வேண்டாம், என்சைக்ளோபீடியா பிரிட்டானிகா வேண்டும் என்று வாங்கிக்கொண்டார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தபோது அவர் கைக்கு வந்த ஆய்வுப்பொருள் என்ன தெரியுமா? வைரம். வைரத்தின் ஒளியை ஆராய்ந்து ஆய்வேடு எழுதினார். எம்.எஸ்சி. இல்லை என்று சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தரவில்லை. என் வீட்டு வரவேற்பறையில் என் பட்டம் சட்டத்தில் மாட்டியிருக்கிறது. இதைப் படித்த பிறகு அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருடைய ஆய்வேடு ஞாபகம் வருகிறது. 1945இல் லண்டன் போய் வானிலைக் கருவிகள் பற்றிப் படித்து, 1948இல் புனே வானிலைத் துறையில் சேர்ந்தார். நூறு அளவிலான கருவிகளுக்கு இந்தியாவிலேயே செய்யும்படி வரைபடங்களைச் சீர்படுத்தினார். சூரிய வெப்பத்தை அளக்க நாடு முழுக்க நிலையங்கள் வைத்தார். அளவு தப்பாக இருந்தால் அளக்காமலே இருக்கலாம் என்பது மாதிரியான கறார். கடல் எவ்வளவு சூட்டை வாங்குகிறது என்று கணக்குப்போட, முதலில் வானத்திலிருந்து எவ்வளவு விழுகிறது என்று தெரிய வேண்டும். அந்தக் கணக்கின் இந்தியப் பக்கத்தைத் தொடங்கி வைத்தவர் அவர்.

1983 டிசம்பரில் கடலியலாளர் அதிதி பந்த்தும் நிலவியலாளர் சுதீப்தா சென்குப்தாவும் அண்டார்க்டிகாவுக்குக் கப்பலேறினார்கள். இந்திய ஆய்வுப் பயணத்தில் அங்கே போன முதல் பெண்கள். இதை வகுப்பில் சொன்னபோது எனக்குள் ஒரு அற்ப சந்தோஷம் இருந்தது, தொல்காப்பியரோடு ஒரு வழக்கை முடித்த மாதிரி.

ஆனால் தமிழ்நாட்டிலேயே பெண்கள் கடலுக்குள் இறங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். இதை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தவள் அதே விலங்கியல் மாணவி. மூன்றாமாண்டில் துறைச் சுற்றுலாவாக மண்டபம் போய் வந்தவள், ராமநாதபுரம் கரையில் பாசி எடுக்கும் பெண்களைப் பார்த்துவிட்டு மூச்சுவிடாமல் பேசினாள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி மரிக்கொழுந்தும் கட்டைக்கோரையும் பறித்து வருகிறவர்கள். அவளுடைய பாட்டி வயதில் ஒரு பெண் சொன்னாராம்: "முன்னெல்லாம் தண்ணிக்குள்ள போனா நடுங்கும். இப்ப வெந்நி கணக்கா இருக்கு. பாசி வளர மாட்டேங்குது." மன்னார் வளைகுடாவில் 2010லும் 2016லும் கடல் சூடேறிப் பவளப்பாறைகள் வெளுத்ததை அவள் பாடத்தில் படித்திருந்தாள். 21 தீவுகளில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் நீருக்குள் போனதற்குப் பவளப்பாறையை வெட்டி எடுத்தது ஒரு பெரும் காரணம் என்பதும் தெரியும். "நான் படிச்சத அவங்க உடம்பால சொல்றாங்க மேடம்" என்றாள். தெர்மாமீட்டர் இல்லாமல் முப்பது வருடமாக ஒரே இடத்தில் அளந்துகொண்டிருக்கும் அந்த உடம்பை எந்த அறிக்கையும் கருவியாகக் கணக்கில் எடுப்பதில்லை. மீன்வளம் எங்கே என்று சொல்லும் குறிப்புகள் படகு வைத்திருப்பவர்களுக்குப் போகின்றன. பாசி எடுப்பவளுக்குப் படகு ஏது?

எங்கள் ஊரிலும் இதே கதைதான். வானிலைக் குறுஞ்செய்தி விவசாயிகளின் செல்போனுக்கு வருகிறது. பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர் எண்ணுக்கு. பெரியம்மா வீட்டில் அந்த எண் பெரியப்பாவுடையது. அவர் இறந்து ஆறு வருடமாகிறது. சிம் பெங்களூரில் மகனிடம் இருக்கிறது. 2024 டிசம்பர் முதல் நாளில் அந்தப் போனுக்கு ஏதாவது வந்திருந்தாலும் அது பொம்மனஹள்ளியில் ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடியில் ஒலித்திருக்கும்.

இப்போது அவளும் இன்னும் நாலு மாணவிகளும் ஒரு வேலை செய்கிறார்கள். வானிலை ஆய்வு மையத்தின் ஐந்து நாள் முன்னறிவிப்பை எடுத்து, எங்கள் பேச்சில் எழுதி, சுற்றுப்பக்க மகளிர் குழுக்களின் தலைவிகளுக்குக் குரல்செய்தியாக அனுப்புகிறார்கள். எழுத்தாக அனுப்பினால் பேரன் படிக்க வேண்டும். குரலாக அனுப்பினால் போதும். சேறு அள்ளிய ஊரிலிருந்துதான் முதலில் எண்கள் வந்தன. இரண்டு முறை மழை வரும் என்று சொல்லி வராமல் போய் வசவு வாங்கியிருக்கிறார்கள். பெரியம்மா மட்டும் "வராட்டிப் போவுது, கேவுர மேல ஏத்தி வெச்சது வெச்சதுதான்" என்று பதில் குரல் அனுப்பியிருந்தாள்.

இவள் இப்போது இறுதியாண்டு. பறங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் எம்.எஸ்சி. படிக்க வேண்டும் என்கிறாள். வெள்ளாற்று முகத்துவாரம், கரையிலேயே வகுப்பு. அப்பாவுக்குச் சம்மதமில்லை. தக்காளி விலை கிலோ ஐந்து ரூபாய்க்கு விழுந்த வாரத்தில் கேட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம். "பொட்டப்புள்ளைக்குக் கடல்ல என்னா வேல?" என்று கேட்டிருக்கிறார். தொல்காப்பியம் படிக்காதவர்.

போன வாரம் அம்மாவை அழைத்துக்கொண்டு துறைக்கு வந்தாள். விண்ணப்பக் கட்டணம், விடுதிக் கட்டணம், பேருந்து எங்கே மாற வேண்டும் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பல்லில் என்னுடையதைப் போலவே காவிப் பட்டை. எழுந்து போகும்போதுதான் ஒரு கேள்வி கேட்டார்.

"அங்க குடிக்கற தண்ணி எப்பிடிங்க மேடம்? உப்பா இருக்குமா?"

விசாரித்துச் சொல்கிறேன் என்று அவர் செல்போன் எண்ணை வாங்கிக்கொண்டேன். அவருடைய சொந்த எண்.